மூன்றாம் கூடு

ஒரு மனிதனின் காலைக் காப்பாற்ற ஒரேயொரு பொய் போதும்; அந்தப் பொய்யைச் சொல்லமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிற ஒருத்தியை நீங்கள் என்னவென்று கூப்பிடுவீர்கள்? வெள்ளவத்தையில், கடற்கரை ரயில் பாதைப் பக்கம் இறங்குகிற எங்கள் ஒழுங்கையில், நாங்கள் "முயல் மிஸ்" என்று கூப்பிட்டோம். கால் என் அப்பாவுடையது. பொய் சொல்லும்படி கேட்டவள் நான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரனைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. எங்கள் வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் வாடகைக்கு இருந்தார். சண்டை முடிந்து, ஜப்பான்காரனின் பயம் போய், ரேஷன் அரிசி மட்டும் போகாமல் கிடந்த வருஷம். பி.எஸ்ஸி. படித்த ஒருத்தி புருஷன் இல்லாமல் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறாள் என்பதே ஒழுங்கைக்கு ஒரு மாதத்துக் கதை. அதற்குமேல் முயல் வேறு.

முயல்கள் இருந்தது பொரளைப் பக்கம் ஓர் ஆய்வுகூடத்தில். சலரோகத்துக்கு, அதுதான் சீனி வியாதிக்கு, நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் அதை முயலில் சோதித்துப் பார்ப்பது அவருடைய வேலை. கிராண்ட்பாஸில் கறிக்கு முயல் வளர்க்கிற ஒருவன் கூடையில் கொண்டுவந்து இறக்குவான். கப்பலில் வந்த ஒரு தூளைக் கரைத்து அதன் காதுநரம்பில் ஏற்றினால், இரண்டு மூன்று நாளில் முயலுக்குச் சலரோகம்.

"எங்கட ஆக்களுக்கு வர நாப்பது வருசம் தின்னோணும். முயலுக்கு ஒரு ஊசி. இதுதான் முன்னேற்றம்" என்பார், சிரிக்காமல்.

பிறகு ஒரு கூட்டுக்கு மருந்து. மற்றக் கூட்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டு கூட்டு முயல்களின் ரத்தத்திலும் சீனி பார்ப்பார். மருந்துக் கூட்டில் இறங்கி மற்றக் கூட்டில் இறங்காவிட்டால்தான் மருந்து மருந்து. இந்த மற்றக் கூடுதான் அவருக்கு வேதம், தேவாரம், எல்லாம்.

அதை ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் பிரச்சினை இல்லை. பஸ்ஸில் கூடவே கொண்டுவருவார்.

"காகம் கத்துது, ஆரோ வரப்போகினம்" என்று அம்மா சொல்லி வாய் மூட முன்னரே மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "கத்தாத நாளில ஒருத்தரும் வரேல்லையோ அக்கா? அதையும் எண்ணினனீங்களோ?"

எதிர்வீட்டு மாமி, கோயிலில் நேத்தி வைத்துத்தான் மகன் மற்றிக்குலேஷன் பாஸ் பண்ணினான் என்று கற்கண்டு கொண்டுவந்தார். மிஸ் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டே கேட்டார், "நேத்தி வைக்காமப் பாஸ் பண்ணின பெடியள் எத்தினை பேர்?" ஒழுங்கையில் அவருக்கு ஏன் சிநேகிதம் குறைவு என்று இனியும் விளக்க வேண்டுமா?

ஒரு முறை கலியாணத் தரகர் ஒருவர் குடையும் வேர்வையுமாக வந்தார். "பிள்ளை, சாதகம் அச்சொட்டாப் பொருந்துது" என்றார்.

"நல்லது. பொருந்தாமக் கட்டினவையும் கொஞ்சப் பேரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரெண்டையும் வைச்சுப் பாப்பம்."

மனிதன் குடையை விட்டுவிட்டே போய்விட்டார். அந்தக் குடையை மிஸ் மழைக்குப் பிடித்தார்.

எனக்கு அவரைப் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. யூனிவர்சிட்டியில் எனக்குப் பின்னால் திரிந்த ஒருவனைப் பஸ் தரிப்பில் காட்டி, "மிஸ், ஆள் வடிவோ?" என்று கேட்டேன். "ஆரோட பாக்க?" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொருவனைக் காட்டினேன். கண்ணாடியைச் சரிசெய்து இருவரையும் பார்த்துவிட்டு, "அப்ப ஓம்" என்றார்.

ஒரு நாள் விரிவுரைக்கு மட்டம் போட்டுவிட்டு அவரோடு ஆய்வுகூடத்துக்குப் போனேன். முயலைத் துணியில் சுற்றி, தலையை மட்டும் வெளியே விட்டு, காதில் ஏதோ பெயின்ட் மணக்கிற தைலத்தைத் தேய்த்தார். காது சிவந்தது, வெயிலுக்குப் பிடித்த செவ்வரத்தம் இதழ் மாதிரி நரம்பு தெரிந்தது. ஊசி போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. சோதனை முடிந்த ஒரு முயலை அதே கையால் பிடரியில் ஒரே அடி. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, இடியப்பப் பார்சலைப் பிரித்தார்.

"பாவமில்லையோ மிஸ்?"

"பாவந்தான். அதுக்காகத்தான் கணக்குப் பிழைக்கக் கூடாது. பிழைச்சா இது சும்மா செத்ததாப் போயிடும்."

அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவர் கோட்டையில் ஒரு கந்தோரில் பெரிய கிளாக்கர். திருநீறு, சந்தனம், வெள்ளிக்கிழமை விரதம், மரக்கறி. சலரோகமும். காலையில் இன்சுலின் ஊசி போட்டால்தான் அன்றைய நாள். அந்த இன்சுலின் எதிலிருந்து எடுக்கிறது என்று யாரோ ஒரு புண்ணியவான் கந்தோரில் சொல்லிவிட்டான். மாட்டின் கணையம். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எங்கள் வீட்டில் வழக்கு. ஊசி போடுகிறவர் மிஸ். பஸ்ஸுக்குப் போகுமுன் வந்து போட்டுவிட்டுப் போவார்.

"திருநீறு பூசின உடம்புக்குள்ள மாட்டை ஏத்துறீர், மிஸ். நான் செத்தா எந்த வாசலால உள்ள விடப்போறாங்களோ!"

"மாடு உங்களைக் காப்பாத்துது, அண்ணை. நீங்கள் மாட்டைக் கும்பிடுறனீங்கள். கணக்குச் சரிதானே? கையை நீட்டுங்கோ."

"முயலுக்குக் குத்தின ஊசியோ இது?"

"முயல் உங்களைப்போலக் கத்தாது."

அப்பாவுக்கு உள்ளுக்குள் அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மாடு பிடிக்கவில்லை. மாடில்லாத மருந்து ஒன்று வராதா என்று அந்த மனிதன் உண்மையாகவே ஏங்கினார். அந்த ஏக்கத்தைச் சரியாக மோப்பம் பிடித்து வந்தவர்தான் முதலாளி.

அவர் அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாக இருந்தவர். கொட்டாஞ்சேனையில் மருந்துச் சரக்குக் கடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சா இலையோடு எங்கள் ஹாலில் வந்து குந்தினார்.

"இதைச் சப்பு. நல்லாச் சப்பு. இப்ப இந்தச் சீனியை வாயில போடு."

அப்பா போட்டார். கண் விரிந்தது. "மண்ணைத் தின்னுற மாதிரிக் கிடக்கு! இனிப்பே இல்லை!"

"பாத்தியோ! சீனி செத்துப்போச்சு. இந்தியாவில இதுக்குப் பேரே சர்க்கரைக்கொல்லி. பேரிலேயே இருக்கு மச்சான்!"

வாடகை கொடுக்க வந்த மிஸ் வாசலில் நின்றார். "செத்தது உங்கட நாக்கு, அண்ணை. சீனி செத்தவீட்டுக்குக்கூட நிக்காம நேரா உள்ள போகுது."

"மிஸ்ஸுக்கு எங்கட மூலிகை எண்டா இளக்காரம்" என்றார் முதலாளி.

"இல்லை. இது வேலை செய்தா எனக்கும் நல்லது. விடிய வெள்ளண இவரிட்ட வசவு வாங்கத் தேவையில்லை. கொண்டாங்கோ, முயலிட்டக் கேப்பம்."

முதலாளிக்கு வேண்டியதும் அதுதான். ஆய்வுகூடத்துப் பெரிய டொக்டர் அவருக்கு வேண்டப்பட்டவர். பிறகென்ன, கஷாயம் போத்தல் போத்தலாகப் பொரளைக்குப் போனது. சலரோக முயல்களின் தவிட்டில் குழைத்து வைத்தார்கள்.

இறங்கியது.

அன்று மாலை மிஸ் மஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த மனுஷி எங்களுக்கு இனிப்பு வாங்கித் தந்தது அந்த ஒரு தரம். நான் நக்கலாக, "மற்றக் கூடு?" என்றேன்.

"மற்றக் கூடு ஏறினபடி நிக்குது. இது இறங்கிட்டுது, பிள்ளை. இறங்கிட்டுதடி!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் என்னை டி போட்டதும் அந்த ஒரு தரம்தான். அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கு மஸ்கட் இல்லை. கொஞ்ச நாள் பொறுங்கோ" என்றார். அப்பா சின்னப்பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

அந்தச் சந்தோஷத்தைத் தந்த முயல்களைப் பார்க்க மறுநாள் நானும் கூடப் போனேன். மிஸ் கூடுகளுக்குக் கீழே இருந்த தட்டுகளை இழுத்தார். தண்ணீர் குடித்த கூட்டுத் தட்டில் புழுக்கை குவிந்து கிடந்தது. மருந்துக் கூட்டுத் தட்டில் ஏதோ அங்கொன்று இங்கொன்று. மிஸ் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் குந்தியிருந்து பார்த்தார். நகை தொலைத்தவள் சாக்கடையைப் பார்க்கிற பார்வை.

"தின்னாததுக்கு எங்கால புழுக்கை வரும்?" என்றார் கடைசியில். "கசப்பு, பிள்ளை. கசப்புக்குத் தீனைத் தொடேல்லை. மருந்து இறக்கேல்லை. பட்டினி இறக்கினது."

வேறு யாராக இருந்தாலும் தட்டைக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். இவர் மூன்றாம் கூடு ஒன்று வைத்தார். அதில் மருந்தே இல்லை. மருந்துக் கூட்டு முயல்கள் எவ்வளவு தின்றனவோ அவ்வளவு தீன் மட்டும். அங்கேயும் சீனி அதே மாதிரி இறங்கியது. பிறகு கசப்பு நாக்கில் படாமல் குழாய் வைத்து நேரே வயிற்றுக்குள் கஷாயத்தை விட்டுப் பார்த்தார். முயல்கள் வயிறு முட்டத் தின்றன. சீனி அசையவே இல்லை.

இதைப் பெரிய டொக்டரிடம் சொல்லப் போனவர், வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் எங்கள் படியில் இருந்தார்.

"என்ன சொன்னவர்?" என்றேன்.

"மூண்டாம் கூட்டை ஆர் உம்மை வைக்கச் சொன்னது எண்டு கேட்டார்."

பெரியவர் முதலாளிக்கு அத்தாட்சி எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு பொய்யும் இல்லை, கவனியுங்கள். மருந்து கொடுத்த முயல்களுக்குச் சீனி இறங்கியது, தண்ணீர் கொடுத்தவற்றுக்கு இறங்கவில்லை. அச்சொட்டான உண்மை. மூன்றாம் கூட்டுக்கு அந்தக் கடதாசியில் இடம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதலாளிக்கு மூளை இருந்தது. போத்தலில் முயல் படம் போட்டார். நிமிர்ந்து உட்கார்ந்த கொழுத்த முயல். "முயல் மார்க் சலரோக டொனிக்." இப்போது எங்கள் ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். முயல் என்றால் எங்களுக்கு யார்? முயல் மிஸ். அப்போது முயல் மார்க் யாருடைய மருந்து? கேள்வியே இல்லை.

"உங்கட மருந்து நல்லாக் கேக்குதாம் மிஸ்!" என்று எதிர்வீட்டு மாமி கேற் வாசலில் வைத்துச் சொன்னார்.

"அது என்ர மருந்தில்லை. அது மருந்தே இல்லை. பசியைக் கட்டுது, அவ்வளவுதான்."

"படிச்ச பிள்ளையின்ர அடக்கத்தைப் பாருங்கோ!"

கோல் ரோட்டுச் சிங்களக் கடைக்காரர் தேங்காயைத் தட்டிக்கொண்டே, "மிஸ்கே பெஹெத் ஹொந்தாய்!" என்று கட்டைவிரலைக் காட்டினார். மிஸ்ஸின் மருந்து நல்லதாம். மிஸ் அவருக்குச் சிங்களத்தில் மூன்று கூட்டையும் விளக்கினார். அந்த மனிதன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு போத்தல் எடுத்துத் தரமுடியுமா என்றார். ஊரெல்லாம் நம்புகிற ஒரு சாட்சியை, அந்தச் சாட்சியே வந்து மறுத்தாலும் ஊர் விடுவதில்லை.

ஒரு காலை ஊசியோடு வந்தவருக்கு முன்னால் அப்பா போத்தலைத் தூக்கி வைத்தார்.

"இனி மாடு வேண்டாம், மிஸ். முயல் போதும்."

"அண்ணை, என்ர கண்ணால பாத்தனான். அது தீனை நிப்பாட்டுது. வேறை ஒண்டும் செய்யேல்லை. ஊசியை விடாதேங்கோ."

"பெரிய டொக்டர் கையெழுத்து வைச்சிருக்கிறார். உம்மட கையெழுத்து எங்கை?"

"என்னை ஆரும் கேக்கேல்லை."

"அப்ப என்னத்துக்குக் கதைக்கிறீர்?"

அம்மா அழுதார். அப்பாவுக்கு முன்னால் அம்மாவின் அழுகை எப்போதும் காற்றடித்த மாதிரித்தான். நான் அனெக்ஸுக்கு ஓடினேன். மிஸ் போடாத ஊசியைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"மிஸ், அது நஞ்செண்டு சொல்லுங்கோ. ஒரு முயல் ரத்தம் கக்கிச் செத்தது எண்டு சொல்லுங்கோ. அப்பா பயந்த மனிசன். மருந்து நல்லதில்லை எண்டா விடமாட்டார், நஞ்செண்டா விட்டுடுவார். முயல் விசயத்தில நீங்கள் சொன்னா நம்புவார்."

"அப்பிடி ஒரு முயலும் சாகேல்லையே."

"தெரியும் மிஸ். பொய்தான் கேக்கிறன்."

ஊசியைத் துணியில் வைத்துச் சுற்றினார். "பெரியவர் ஒரு உண்மையை விட்டுட்டார். நான் ஒரு பொய்யைச் சேக்கிறன் எண்டா, ரெண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்?"

"அப்பா ஊசி போடுவார். அதுதான் வித்தியாசம்!"

"நாளைக்கு அது பொய்யெண்டு தெரிஞ்சா, ஊசியைப்பற்றி நான் சொல்லுறதை ஆர் நம்புவினம்?"

"இப்ப ஆர் நம்புகினம்?"

சுற்றிய ஊசியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பொய் வரவில்லை. அன்று எனக்கு அவரைக் கன்னத்தில் அறையலாம் போலிருந்தது. சில நாள் இப்போதும் இருக்கிறது.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். அப்பாவுக்கு வீட்டிலேயே சிறுநீரைச் சோதிக்க மிஸ்தான் முன்னர் பழக்கியிருந்தார். நீலத் தண்ணீரில் சில துளி விட்டுச் சூடாக்கினால், சீனி இருந்தால் செங்கல் நிறம், இல்லாவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். டொனிக் குடித்த முதல் வாரங்களில் அப்பாவுக்கு நீலம். மதிலுக்கு மேலால் குழாயைப் பிடித்துக் காட்டுவார். "பாரும் மிஸ்! நீலம்!"

"காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"பசியில்லை."

"நேற்றிரவு?"

"பசியில்லை எண்டனே!"

"அதுதான் நீலம், அண்ணை."

"உமக்கு வயித்தெரிச்சல். உம்மட முயலை வைச்சு இன்னொருத்தன் உழைக்கிறான் எண்டு." அந்த வாய்த்தர்க்கத்தின் முடிவில் அனெக்ஸைக் காலிபண்ணச் சொன்னார். முதலாளியும் சும்மா இருக்கவில்லை. கேற்றுக்குக் கேற்று நின்று மருந்தின் பேரைப் பழுதாக்குகிறாள் என்று பெரிய டொக்டரிடம் முறையிட, ஆய்வுகூடத்தில் மிஸ்ஸின் வேலையும் போனது. கடைசி நாள் மூன்றாம் கூட்டு முயல்களை மிஸ் தன் கையாலேயே கொன்றாராம். முயல் கொண்டுவருகிற கிராண்ட்பாஸ்காரன் கறிக்குக் கேட்டும் கொடுக்கவில்லையாம். ஹெவ்லொக் டவுனில் ஓர் அறைக்குப் போனார். ரிக்‌ஷாவில் இரண்டு பெட்டி, தரகரின் குடை.

அப்பாவின் நாக்குக்குக் கசப்புப் பழகியது. பசி திரும்பி வந்தது. சீனியும் வந்தது. நீலத் தண்ணீர் செங்கலாக மாறியபோது, "அவள் தந்த தண்ணி பழுதாப்போச்சு" என்று வெளியே ஊற்றினார். சப்பாத்துக் கடித்த வலது பெருவிரல் புண் ஆறவில்லை. கறுத்தது. மணத்தது. ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஊசியைத் தொடங்கினார்கள், ஆனால் காலுக்கு அது பிந்திப் போய்விட்டது. முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

மிஸ் வார்டுக்கு வந்தார். நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. கவலைப்படாதேங்கோ என்றும் சொல்லவில்லை. போர்வையை விலக்கி, மிச்சமிருந்த காலின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். "சின்னவிரலுக்குள்ள வெடிப்பொண்டு கிடக்கு. ஈரம் படவிடாதை" என்று என்னிடம் சொன்னார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் விறாந்தைவரை பின்னால் போனேன். எனக்கு அவரிடம் ஒன்று வேண்டியிருந்தது.

"மிஸ், இப்பவாவது சொல்லுங்கோ. அண்டைக்கு நீங்கள் பொய் சொல்லியிருந்தாலும் அப்பா கேட்டிருக்க மாட்டார்தானே? கால் எப்பிடியும் போயிருக்கும்தானே?"

கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணைக் கண்ணாடி இல்லாமல் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. சின்னக் கண், சுற்றிவரச் சிவப்பு. ஓம் என்ற ஒரு சொல் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"தெரியாது, பிள்ளை. அதுக்கு மற்றக் கூடு இல்லை."

மாடிப்படியால் இறங்கிப் போனார்.

மிஸ் மட்டக்களப்புப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சுகாதாரம் படிப்பிக்கிறாராம். முதலாளிக்கு நல்ல வியாபாரம். சுதந்திரம் வருகிறதென்று பேப்பரில் போட்ட விளம்பரத்தில் முயல் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது ஊசி போடுவது நான்.